ரிப்போர்ட்டின் வலது ஓரக் கட்டம்: பிள்ளைகளுக்குக் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுக்கும்போது

லேப் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ‘நார்மல் அளவு’ என்று ஒரு கட்டம் இருக்கும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். தடித்த எழுத்தில் எதுவும் இல்லையென்றால் ‘சரி, ஒன்றும் இல்லை’ என்று மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். பிள்ளைகளின் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் அந்தக் கட்டம் பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. நாற்பது வயது ஆளுக்கு அச்சடித்த அளவை ஆறாங்கிளாஸ் பையனுக்கும் அப்படியே போட்டுத் தந்துவிடுகிறோம்.

‘விடுகிறோம்’ என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் 22 வருஷமாக ரத்தம் எடுப்பவள். பால்கோவா ஊரில் கொழுப்பு டெஸ்ட் எடுப்பவள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். முன்பு நான் வேலை பார்த்த ஒரு லேபில் 11 வயதுப் பையன் ஒருவனுக்கு வந்த எண்கள் இவை: மொத்தக் கொலஸ்ட்ரால் 188, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 41, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 142, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 119. பெரியவர்கள் கணக்கில் எல்லாமே நார்மல் கட்டத்துக்குள் விழுந்தன. நானே சீல் குத்திக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கான அளவை வைத்துப் பார்த்தால் அதில் ஒன்றுகூடச் சரியான இடத்தில் இல்லை. மூன்று எண் எல்லைக்கோட்டில், ட்ரைகிளிசரைடு அதற்கும் மேலே. இது எனக்குத் தெரியவந்தது பல வருஷம் கழித்து, என் வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகுதான்.

என் அண்ணன் 41 வயதில் போனார். சிவகாசியில் அச்சகத்தில் வேலை. ஒல்லி, சிகரெட் கிடையாது. காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றார், கேஸ் டிரபிள் என்று நினைத்துச் சோடா குடித்தார். அப்பாவும் 47 வயதில் இப்படித்தான் போனார். அப்போது அம்மா ‘கண்ணு பட்டுருச்சு’ என்றார்கள். அண்ணனின் குதிகால் நரம்பு இரண்டு காலிலும் கயிறு போலத் தடித்திருக்கும். நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்பதால் வந்த காய்ப்பு என்று எல்லாரும் நினைத்தோம். தினமும் கொழுப்பு டெஸ்ட் எடுக்கிற நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தசைநாரில் கொழுப்பு படிந்த தடிப்பாக இருந்திருக்கும் என்று பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த டாக்டர் ஒருவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அடுத்த வாரமே அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரையும் லேபுக்குக் கூட்டிவரச் சொன்னேன். அந்தக் கதை கீழே வருகிறது.

யாருக்கு, எந்த வயதில்

அமெரிக்காவில் 1992 முதல் பல வருஷம், குடும்பத்தில் இளவயது இதய நோயோ அதிகக் கொலஸ்ட்ராலோ இருந்தால் மட்டும் பிள்ளைக்கு டெஸ்ட் எடுங்கள் என்பதுதான் அறிவுரை. 2011-இல் அங்குள்ள தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனத்தின் நிபுணர் குழு அதை மாற்றியது. 9 வயதிலிருந்து 11-க்குள் எல்லாப் பிள்ளைக்கும் ஒருமுறை, 17-லிருந்து 21-க்குள் இன்னொரு முறை. குழந்தை மருத்துவர்களின் அமெரிக்க அகாடமியும் இதை ஏற்றுக்கொண்டது. நடுவில் 12-லிருந்து 16 வரை ஏன் விட்டார்கள்? வயதுக்கு வரும் பருவத்தில் கொலஸ்ட்ரால் தானாகவே இறங்கும். பத்திலிருந்து இருபது சதவீதம்வரைகூட. அப்போது எடுத்தால் இருக்கிற பிரச்சினை மறைந்துபோகலாம்.

எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-லும் 2023-லும் ‘எல்லாப் பிள்ளைக்கும் எடுப்பதால் நன்மையா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை’ என்றுதான் எழுதியது. அதனால் தெருவில் போகிற பிள்ளையை எல்லாம் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் குடும்பத்தில் ஆள் போயிருந்தால் எந்த வாதமும் வேண்டாம், 2 வயதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

முதல் வேலை ஊசி இல்லை, விசாரணை. பிள்ளையின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று இரண்டு பக்கமும் கேளுங்கள். ஆண்களில் 55 வயதுக்குள், பெண்களில் 65 வயதுக்குள் யாருக்காவது மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், திடீர்ச் சாவு உண்டா? நம் ஊரில் இதை நேராகக் கேட்டால் பதில் வராது. ‘நல்லாத்தான் இருந்தாரு, தூங்கினவரு எந்திரிக்கலை’ என்பார்கள். ‘அப்போ அவருக்கு என்ன வயசு, கடைசிப் பிள்ளை எத்தனாங்கிளாஸ் படிச்சது?’ என்று கேட்டால் கணக்கு வந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியாச்சி பக்கத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் மூன்று தலைமுறை கிடைக்கும். பெரியவர்களின் இமையோரத்தில் மஞ்சள் திட்டு, 45 வயதுக்குள்ளேயே கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையம், குதிகால் நரம்புத் தடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளை உடம்பில் இவை பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் ரத்தம் எடுக்கவேண்டியிருக்கிறது.

குண்டான பிள்ளை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், முன்பு கவாசாகி நோய் (ரத்தக்குழாய்களை வீங்கவைக்கும் சிறுவயதுக் காய்ச்சல்) வந்த பிள்ளை என்றால் டாக்டரே எழுதிக் கொடுப்பார். நான் கவலைப்படுவது ஒல்லிப் பிள்ளைகளைப் பற்றி. ‘இந்தக் குச்சிக்கா கொழுப்பு?’ என்று சிரித்துக்கொண்டே ஒரு தலைமுறையைக் கோட்டைவிட்டோம்.

எடுப்பதற்கு முன்

முதல் டெஸ்டுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் ஹெச்டிஎல்லைக் கழித்தால் வருகிற எண்ணை ‘நான்-ஹெச்டிஎல்’ (non-HDL) என்போம். நல்லது போக மிச்சம். அது சாப்பாட்டால் அதிகம் மாறாது. ஸ்கூல் விட்டு வருகிற வழியில்கூட எடுத்துவிடலாம். அந்த எண் 145-ஐத் தொட்டாலோ ஹெச்டிஎல் 40-க்குக் கீழ் இருந்தாலோதான் இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வரவேண்டும்.

வெறும் வயிறு என்று டாக்டர் சொல்லியிருந்தால், ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துக் காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக வந்துவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், குடித்தால் நரம்பும் நன்றாகக் கிடைக்கும். பால், டீ, பூஸ்ட், ‘ஒரே ஒரு பிஸ்கட்’ எதுவும் கூடாது. ஒரு மார்கழியில் எட்டு வயதுப் பையனுக்கு ட்ரைகிளிசரைடு 240 வந்தது. சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே தேங்கும் நீர்) கலங்கலாக இருந்தது. அம்மா சத்தியம் செய்கிறார், பையன் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று. பையனைத் தனியாகக் கேட்டேன். விடியற்காலை தாத்தாவோடு ஆண்டாள் கோவிலுக்குப் போயிருக்கிறான். சர்க்கரைப் பொங்கல், இரண்டு தொன்னை. அடுத்த வாரம் எடுத்தபோது 71. பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்க்க மாட்டார்கள் நம் ஆட்கள்.

காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஆகாமல் எடுக்காதீர்கள், அளவு மாறிக் காட்டும். டெஸ்டுக்காக ஒரு வாரம் எண்ணெயை நிறுத்துவது, கஞ்சி மட்டும் கொடுப்பது, இதெல்லாம் வேண்டாம். எப்போதும்போலச் சாப்பிட்டு வந்தால்தான் வீட்டு நிலவரம் தெரியும். ஸ்டீராய்டு மாத்திரை, முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் போல ஏதாவது சாப்பிடுகிறதென்றால் அதை லேபிலும் சொல்லுங்கள்.

ஊசி

பிள்ளையிடம் ‘வலிக்காது’ என்று சொல்லாதீர்கள். வலிக்கும். ஒரு தடவை ஏமாந்த பிள்ளை அடுத்த தடவை கையைத் தராது. ‘கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், இருபது எண்ணு, முடிஞ்சிரும்’ என்று சொன்னால் எண்ணும். ‘சேட்டை பண்ணினா இந்த அக்காகிட்ட ஊசி போடச் சொல்லிருவேன்’ என்று மிரட்டி வளர்த்த பிள்ளைகளை என் நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

ஓடி வந்த பிள்ளையை ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள். பட்டாம்பூச்சி ஊசி இருக்கிறதா என்று கேளுங்கள், சின்ன நரம்புக்கு அதுதான் வசதி. 2 அல்லது 3 மில்லி போதும். கையில் கட்டுகிற ரப்பர் பட்டையை ரொம்ப நேரம் இறுக்கி வைத்தால் ரத்தம் தேங்கிக் கொலஸ்ட்ரால் கூடிக் காட்டும். நரம்பு கிடைக்கவில்லையா, அவிழ்த்துவிட்டு அடுத்த கையில் பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முகாம்களில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டில் பார்ப்பார்களே, அதில் கூடுதலாக வந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி எந்த முடிவும் வேண்டாம்.

எண்களைப் படிப்பது

இதை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு, 19 வயது வரைக்கும் இதுதான்.

மொத்தக் கொலஸ்ட்ரால் 170-க்குக் கீழ் இருக்கவேண்டும். 200 தொட்டால் அதிகம்.
எல்டிஎல் 110-க்குக் கீழ். 130 தொட்டால் அதிகம்.
நான்-ஹெச்டிஎல் 120-க்குக் கீழ். 145 தொட்டால் அதிகம்.
ட்ரைகிளிசரைடு 9 வயது வரை 75-க்குக் கீழ், 100 தொட்டால் அதிகம். 10 வயது முதல் 90-க்குக் கீழ், 130 தொட்டால் அதிகம்.
ஹெச்டிஎல் மட்டும் தலைகீழ்: 45-க்கு மேல் நல்லது, 40-க்குக் கீழ் குறைவு.

நடுவில் விழுவது எல்லைக்கோடு. சிங்கப்பூர், மலேசியா, லண்டனில் இருப்பவர்களுக்கு ரிப்போர்ட் மில்லிமோல் கணக்கில் வரும். கொலஸ்ட்ரால் எண்களை 38.67-ஆலும் ட்ரைகிளிசரைடை 88.57-ஆலும் பெருக்கினால் நம் கணக்குக்கு வந்துவிடும்.

எல்டிஎல்லைப் பல லேப்கள் நேராக அளப்பதில்லை. மொத்தத்தில் ஹெச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறோம். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்கும் டெஸ்டைக் கேளுங்கள். 500-ஐத் தாண்டினால் கணையத்துக்கு ஆபத்து, டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ரிப்போர்ட்டின் அடியில் வரும் விஎல்டிஎல், அந்த விகிதம் இந்த விகிதம் எல்லாம் வரிகளை நிரப்புவதற்கு. விட்டுவிடலாம்.

சரி, அண்ணன் பிள்ளைகள். மருமகளுக்கு 8 வயது, எல்டிஎல் 92. மருமகனுக்கு 11 வயது, எலும்பும் தோலுமாக இருப்பான். மொத்தம் 276, ஹெச்டிஎல் 51, ட்ரைகிளிசரைடு 80, எல்டிஎல் 209. சென்ட்ரிஃப்யூஜிலிருந்து (ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின்) குழாயை எடுத்தபோது சீரம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. பால் போலக் கலங்குவது ட்ரைகிளிசரைடால்தான். எல்டிஎல் எவ்வளவு ஏறினாலும் சீரம் சாதுவாக, பொன்னிறமாக இருக்கும். பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது.

அதிகமாக வந்தால்

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு, மூன்று மாதத்துக்குள், வெறும் வயிற்றில் இன்னொரு முறை எடுத்து இரண்டுக்கும் சராசரி பார்ப்பார்கள். மருமகனுக்கு இரண்டாவது முறை எல்டிஎல் 201. சராசரி 205. கூடவே தைராய்டு, சிறுநீரில் புரதம், சர்க்கரை, ஈரல் டெஸ்டுகளும் எழுதினார்கள். தைராய்டு குறைந்தாலும் சிறுநீரகத்தில் கோளாறு இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும். மூலநோயைச் சரிசெய்தால் அது தானாக இறங்கும்.

அப்புறம் எண்களின் ஜாடையைப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு அதிகம், ஹெச்டிஎல் குறைவு, பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல என்றால், அது பெரும்பாலும் சாப்பாடும் செல்போனும் செய்த வேலை. மாலையில் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாடி, டப்பா ஜூஸையும் பேக்கரி பப்ஸையும் குறைத்தால் மாறும். எல்டிஎல் மட்டும் 160, 190 என்று நின்று, குடும்பத்திலும் சாவு இருந்தால், அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ரத்தத்திலுள்ள எல்டிஎல்லை ஈரல் வாசல் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவர்களுக்குப் பிறப்பிலேயே அந்த வாசல்களில் பாதி சரியாக வேலை செய்யாது. இந்த வாசலைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஒன்றும் அபூர்வம் இல்லை. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தது, ஒரு பிள்ளைக்கு வரவில்லை.

அதனால் பிள்ளைக்கு அதிகம் என்றால் வீட்டில் எல்லாரும் கையை நீட்டவேண்டும். எனக்கு எல்டிஎல் 112. திருப்பூரில் இருக்கும் தம்பிக்கு 218, வயது 36, அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஸ்லோவேனியா நாட்டில் 1995 முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு இந்த டெஸ்ட் எடுக்கிறார்கள். குழந்தைக்குத் தெரிந்ததும் அப்பா அம்மாவைத் தேடிப்போகிறார்கள். எங்களுக்கு அண்ணன் போனபிறகு பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு தம்பி.

சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்றை முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகளோடு கூட்டிவந்தார்கள். இரண்டு வருஷமாக மரு என்று களிம்பு போட்டிருக்கிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 640. மெஷின் தப்பு என்று நினைத்து மூன்று முறை ஓட்டினேன். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இருவருக்கும் பாதி வாசல் பழுது, பிள்ளைக்கு இரண்டு பக்கத்துப் பழுதும் சேர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இதைச் சாப்பாட்டால் ஒன்றும் செய்ய முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டரிடம் உடனே போகவேண்டும். பிள்ளையின் தோலில் மஞ்சள் கட்டி, குறிப்பாக மூட்டுகளில் வந்தால் களிம்புக்கு முன் ரத்தம் எடுங்கள்.

அடுப்படியும் மாத்திரையும்

முதல் ஆறு மாதம் சாப்பாடுதான். அண்ணி அடுப்படியில் போய் நின்று பார்த்தேன். ரேஷன் பாமாயிலில் பாதி, தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றும் வகை. பொரிப்பதற்குக் கடலை எண்ணெய்க்கு மாறினார், அதுவும் அளவோடு. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. நீலத்துக்கு மாறினார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் பாலில் கைவைக்காதீர்கள், மூளை வளர அந்தக் கொழுப்பு வேண்டும். முட்டையை வில்லனாக்கவேண்டாம். பரோட்டாக்கடை, முறுக்கு டப்பா, தட்டு நிறையச் சோறு இவற்றை முதலில் பாருங்கள். கொண்டைக்கடலை, பயறு, கீரை, கொய்யா கூடட்டும். பால்கோவா? மாதம் ஒருமுறை, ஒரு கரண்டி. எங்கள் ஊரில் அதற்குமேல் கேட்பது அநியாயம்.

ஆறு மாதத்தில் 205 என்பது 186 ஆனது. அண்ணிக்குச் சந்தோஷம், எனக்கு இல்லை. உணவுக்குப் பிறகும் எல்டிஎல் 190-ஐத் தொட்டு நின்றால், அல்லது குடும்பத்தில் இளவயதுச் சாவோடு 160-ஐத் தொட்டு நின்றால், பொதுவாகப் பத்து வயதிலிருந்து ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை ஆரம்பிப்பார்கள். பரம்பரை நோய்க்குச் சில வகைகளை எட்டு வயதிலேயே கொடுக்கலாம். ‘இந்த வயசுலயே மாத்திரையா, ஆயுசுக்குமா?’ என்று அண்ணி அழுதார். ஆமாம், பெரும்பாலும் ஆயுசுக்கும்தான். அதை மழுப்பி என்ன ஆகப்போகிறது? ஈரல் டெஸ்ட் எடுத்துப் பார்த்துத் தொடங்கினார்கள். காரணமில்லாமல் தசை வலித்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். பெண் பிள்ளை என்றால் வளர்ந்த பிறகு கர்ப்பம் தரிக்கும் முன் டாக்டரிடம் பேசவேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்துவது, பாதியாக உடைப்பது, நாட்டு மருந்துக்கடையில் கேட்டு மாற்றுவது எதுவும் கூடாது.

முதல் டெஸ்டில் எல்லாம் சரியாக வந்த பிள்ளைக்கும் 17 வயதில் இரண்டாவது முறை உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். போனபிறகு பிடிக்க முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், கிழிந்தாலும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

மருமகனுக்கு இப்போது 16. போன மாதம் எல்டிஎல் 118. ரத்தம் கொடுக்க வந்தவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, ‘அத்தை, இடது கையில எடுங்க, வலது கையால சாயங்காலம் பௌலிங் போடணும்’ என்றான்.